உத்திரத்தில் தொங்கிய குரல்

அயனிவிளையில் பழைய போனைத் தூர எறிகிற வழக்கம் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. திரை கீறியது, பொத்தான் செத்தது, சார்ஜ் நிற்காதது என்று ஒதுக்கிய போன்களெல்லாம் அந்த ஊரில் இன்னொரு பிறவி எடுத்தன. ஒன்று அடுக்களையில் மணி காட்டும், ஒன்று கோழிக்கூட்டில் கீரிக்குக் காவல் கிடக்கும், பிள்ளைகள் படித்து முடித்துக் கைவிட்ட டேப்லெட் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஞானப்பாட்டு எண் காட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றுக்கும் உதவாமல் கறுத்துப்போனதைக்கூட யாராவது சுவரில் ஒட்டி முகம் பார்த்துத் தலை சீவுவார்கள். இதற்கெல்லாம் மூளை, சந்தைமுக்கில் போன் கடை வைத்திருந்த வில்ஃபிரட். நல்ல மனுசன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகச் சொல்லிவிடுகிற ஒரு வாய் அவனுக்கு. அந்த வாய்தான் ஊருக்குத் தொட்டில்போனைக் கொண்டுவந்தது.

ஊரில் பாதிப் பெண்கள் அண்டியாபீசுக்குப் போகிறவர்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். காலையில் ஏழரைக்குப் போய்க் குந்தினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழும்ப முடியும். கைப்பிள்ளையை வீட்டில் தொட்டிலில் போட்டு, அக்கம்பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவார்கள். வில்ஃபிரட் சொன்னான், தாய்க்காரி தன் பழைய போனையே தொட்டிலுக்கு மேலே உத்திரத்தில் கட்டட்டும், அவள் பாடின தாராட்டைப் பதிந்து வைக்கட்டும், பிள்ளை அசைந்தால் போன் பாடும், ஆபீசிலிருந்து புதுப் போனில் பிள்ளையைப் பார்த்தும் கொள்ளலாம் என்று. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அயனிவிளையில் தொட்டில் கட்டிய உத்திரத்திலெல்லாம் ஒரு போன் தலைகீழாகத் தொங்கிற்று.

ஜெபலினுடைய பழைய போன் மூன்று வருசம் அவள் கூடவே கிடந்தது. கல்யாணம் பேசியது, கெட்டியவன் ஜஸ்டினிடம் கொஞ்சியது, சண்டை போட்டது, வயிற்றில் பிள்ளை நின்றதை முதல்முதலாகச் சொன்னது எல்லாம் அந்தப் போனில்தான். ஜஸ்டின் கண்ணூரில் கொத்தனார் வேலை, மாதம் ஒருதடவை வருவான். மகள் அபிஷாவுக்குப் பதினோரு மாதம் ஆனபோது ஜெபலின் அந்தப் போனை உத்திரத்தில் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பிள்ளை இன்னும் அம்மா என்று சொல்லத் தொடங்கவில்லை. அந்தச் சொல்லை முதலில் கேட்கிற காது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். அதற்காகவே புதுப் போனைக் கொட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உடைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். தொட்டிலில் பிள்ளை சிணுங்கிற்று. போன் தாராட்டுப் பாடியது, பிள்ளை அடங்கவில்லை. அப்போது போன் பாட்டை நிறுத்திவிட்டு, ஜெபலின் குரலில், அவள் இழுக்கிற அதே இழுப்பில், "அம்ம வாறேன் மக்ளே, சோறு வெந்துட்டு" என்று சொல்லிற்று. பிள்ளை சிணுக்கத்தை விட்டு மேலே பார்த்துச் சிரித்தது.

ஜெபலின் கையில் இருந்த கொட்டை நழுவியது. "எக்கா, நான் இத ஒருக்காலும் பதிஞ்சு வைக்கலியே."

பக்கத்தில் இருந்தவள் சரோஜபாய். ஐம்பது வயது, பிள்ளை இல்லாதவள், ஆபீசில் எல்லாருக்கும் அக்கா. அவள் சுத்தியலை ஓங்கியபடியே திரையை ஒரு பார்வை பார்த்தாள். "நீ சொல்லல, ஒனக்க போன் சொல்லிச்சு. மூணு வருசம் ஒனக்க வாய்க்கிட்ட கெடந்த சாதனம், கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கும். பிள்ள அழுகைய நிறுத்திச்சுல்லா? பின்ன என்னத்துக்குட்டி முழிக்க? கொட்டைய ஒடை."

அவ்வளவுதான். யாரும் அதற்குமேல் அதிசயப்படவில்லை. அந்த வாரமே ஆபீசில் கூட உடைக்கிற லில்லியின் போன் பேசிற்று, அடுத்த வாரம் இன்னும் ஏழு வீட்டுப் போன் பேசிற்று. மத்தியானம் அயனிவிளைத் தெருவில் நடந்து போனால் ஆளில்லாத வீடுகளிலிருந்து தாய்மார்களின் குரல் கேட்கும். ஒரு வீட்டில் கொஞ்சல், ஒரு வீட்டில் அதட்டல், ஒரு வீட்டில் பூனையைக் காட்டிப் பயம் காட்டல். தபால் கொண்டுவருகிறவர் முதல்நாள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார், ரெண்டாம்நாள் புரிந்துகொண்டு ஜன்னல் வழியாகத் தபாலைப் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் ஜெபலின் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஒரு காரியத்தைக் கண்டுகொண்டாள். வீட்டுக்கு ஓடிவந்து, கை கழுவி, தொட்டிலுக்கு மேலே குனிந்து, நான் அம்மை வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'நான்' வந்தது, 'வந்திருக்கேன்' வந்தது. நடுவில் இருக்க வேண்டிய சொல் வரவில்லை. உதடு சேர்ந்தது, மூச்சுதான் போயிற்று. மக்ளே என்று பார்த்தாள், அதுவும் இல்லை. அடுக்களையில் போய்ப் பானையைப் பார்த்து நின்று சோறு என்று சொல்லிப் பார்த்தாள். அடக் கொடுமையே, சோறும் இல்லை. போன் தானாகப் பேசிய அத்தனை சொல்லும், சொல் குறையாமல், அவள் வாயிலிருந்து போயிருந்தது.

இதையும் ஊர் சமாளித்துக்கொண்டது, அதைச் சொல்லத்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒருத்திக்குப் பால் போயிற்று, ஒருத்திக்குத் தண்ணீர் போயிற்று, இன்னொருத்திக்குத் தன் மாமியாரைக் கூப்பிடுகிற சொல்லே போய், அதற்கு மாமியார்க்காரி உள்ளூரச் சந்தோசப்பட்டாள் என்றுகூடப் பேச்சு. பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லைக் கைமாற்றாக வாங்கத் தொடங்கினார்கள். ஒனக்கு 'மண்ணெண்ண' இருக்கா, எனக்காக ஒருக்கா சொல்லு என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்கும் அது போன பிறகு விரலைக் காட்டுவார்கள். விரல் காட்டியும் சொல்ல முடியாத காரியங்களுக்குச் சரோஜபாயிடம் போவார்கள். பிள்ளை இல்லாததால் தொட்டில் இல்லை, தொட்டில் இல்லாததால் போன் இல்லை, சொல் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே அவள் வாயில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள், பள்ளிக்கூடத்துக்கு அவள், கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல அவள். இதுவரை மலடி என்று ஒதுக்கிய வீடுகளில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

அண்டியாபீஸ் மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வருசந்தான் ஆபீசு ஆபீசாட்டு இருக்கு" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான். பேச்சுச் சத்தம் இல்லை, கொட்டை உடைகிற சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது. சபையில் போதகர், நம்முடைய சகோதரிகள் நாவை அடக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று பிரசங்கமே செய்தார். பிள்ளைகளோ கொழுகொழுவென்று வளர்ந்தன. அழுகை என்பதே ஊரில் இல்லை. போன்களுக்கு அலுப்பு வராது, எரிச்சல் வராது, கை எரிகிறது என்று பிள்ளையைத் தள்ளிவிடாது. எந்த ஆம்பிளையாவது பெண்டாட்டி பேசாததைப் பற்றிக் கவலைப்பட்டான் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு ஆம்பிளைகளைத் தெரியவில்லை.

ஜஸ்டின் அந்த மாதம் வந்தான். பலகாரப் பொதியை வைத்துவிட்டு, "நேத்து நீ சொன்ன கதைய நெனச்சு நெனச்சு சாரத்தில நின்னு சிரிச்சேன், விழாதது புண்ணியம்" என்றான்.

ஜெபலின் முழித்தாள். நேற்று அவள் அவனிடம் பேசவேயில்லை. அவன் அழைப்பு பழைய போனுக்குப் போயிருக்கிறது.

"நான் இல்ல" என்று அவள் சொன்னாள். அந்த இரண்டு சொல் அப்போது இருந்தது. உத்திரத்தைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், தலையை ஆட்டினாள்.

அவன் மேலே பார்த்தான். அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நீண்ட பயணம் செய்து வந்தவன், சிரித்துக்கொண்டே பலகாரப் பொதியை அவிழ்த்தான். "நேர்ல நின்னாத்தான் ஒனக்கு ஒரு கனம். போன்ல எவ்வளவு நல்லாப் பேசுக" என்றான். தொட்டிலில் கிடந்த பிள்ளை, மேலே தொங்கிய போனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஜெபலின் ஒரு முடிவு எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி, ஒரு அயனிமரம், பலாவின் காட்டுச்சாதி. பழுத்து விழுந்த அயனிச்சக்கையின் சாறை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, பிறகு சப்புக்கொட்டிச் சிரித்தது. ரெண்டு போனும் வீட்டுக்குள் கிடக்கின்றன, இங்கே காற்றும் காக்காவும்தான். அவள் பிள்ளையின் காதில் யாரும் இதுவரை சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னாள். "தித்தி." பிள்ளை அவளைப் பார்த்தது. மறுபடியும் "தித்தி" என்றாள், பிள்ளை அவள் மூக்கைப் பிடித்தது. ஞானஸ்நானப் பெயர் அபிஷாவைப் போன் எப்போதோ கொண்டுபோயிருந்தது. இந்தப் பெயர் தனக்கும் மகளுக்கும் மட்டும். எத்தனை சொல் போனாலும் போகட்டும், இந்த ஒன்றை மட்டும் வீட்டு வாசலுக்கு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டாள்.

போனை உடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். லில்லி உடைத்தாள். அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரே போடு. அவள் மகன் மூன்று நாள் பால் குடிக்கவில்லை, மேலே பார்த்தபடி கிடந்தான். லில்லிக்கு அதுவரை மிச்சமிருந்த சொல்லும் போனது, போனவை திரும்பவும் இல்லை. வில்ஃபிரட் விளக்கம் சொன்னான். "ஒடச்சா குரலும் சேந்து ஒடஞ்சிரும். மொறையாட்டுத் தொறந்து, உள்ள உள்ளத அழிச்சா, எடுத்ததெல்லாம் எடுத்த எடத்துக்குத் திரும்பிரும்."

நிச்சயமா என்பதுபோல ஜெபலின் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பின்ன! ஆனா தொறக்க ஒனக்க பெருவெரல் வேணும். நம்பர் பூட்ட அது தானாட்டு மாத்திப்போட்டு. வெரல மாத்த அதால ஆவாது."

அவள் கையை நீட்டினாள். வில்ஃபிரட் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டான். கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பலைப் பூசு, தேங்காயெண்ணெயைப் பூசு, அது தின்கிறதைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அண்டியாபீசுக்காரிகளுக்குக் கறுத்து வழுவழுவென்ற விரல், அதில் ரேகை என்று ஒன்று கிடையாது. ரேசன் கடை மெசினும் அவர்களை அடையாளம் காணாது. ஜெபலின் போனில் விரல் பதிந்தது கல்யாணத்துக்கு முன்னால், ஆபீசுக்கே போகாத காலத்தில்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான லெந்து நாள் தொடங்கிய அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. சரோஜபாய் தேடி வந்தாள். ஜெபலின் தன் விரலைக் காட்டி, உத்திரத்தைக் காட்டி, கையை மூடித் திறந்து மூடித் திறந்து நாற்பது நாள் என்று காட்டினாள். சரோஜபாய்க்கு விளங்க வெகுநேரமாயிற்று. விளங்கியதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எல்லாருக்கும் வார்த்த திரும்பி வந்துருமாட்டி?" என்று கேட்டாள். பிறகு, "நல்லதுதான் மக்ளே, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்த நாற்பது நாளும் ஜெபலின் வீட்டுக்குள் வாய் திறக்கவில்லை. திறக்கவும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, ஏனென்றால் நாள் முழுக்க ஆள் வீட்டில் இருப்பதைக் கண்ட போன், வரிந்து கட்டிக்கொண்டு பேசிற்று. காலையில் எழுந்ததும் பிள்ளைக்கு வணக்கம் சொல்லும். பிள்ளை தவழ்ந்தால் பார்த்துப் போ என்னும், எழுந்து நின்றால் கைதட்டிச் சிரிக்கும், கூடவே ஜெபலினைப் பார்த்து, "பாத்தியா, அம்ம நல்லாச் சொல்லித் தாறேம்லா?" என்று அவள் குரலிலேயே கேட்கும். அவள் கறிக்கு அரைக்கும்போது மஞ்சளைப் பற்றிப் பேசிற்று, மஞ்சள் போயிற்று. துணி காயப்போட்டபோது வெயிலைப் பற்றிப் பேசிற்று, வெயில் போயிற்று. இல்லை என்ற சொல் போன அன்று அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிள்ளை தவழ்ந்து வந்து அவள் முகத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து போனைப் பார்த்தது.

அழுது முடித்தால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அயனிமரத்தடிக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு விளையாட்டு. முந்தானையால் முகத்தை மூடுவாள். பிள்ளை தேடும். ஆளைக் காணோம் என்று ரெண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள், பிள்ளையும் குட்டிக் கையை அதேபோல விரிக்கும். பிறகு படாரென்று முந்தானையை விலக்கி, "தித்தி!" பிள்ளை உருண்டு உருண்டு சிரிக்கும். நூறு தரம், ஆயிரம் தரம் அந்தப் பெயரைச் சொன்னாள். இருக்கிற ஒரே சொல்லை வேறு எப்படிச் செலவழிப்பது? பாவம், ஆசைதான். பெயரைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு நாக்குத் திருந்துகிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ராத்திரிகளிலெல்லாம் தேங்காயெண்ணெயில் ஊறிய துணியை விரலில் சுற்றிக்கொண்டு படுப்பாள். இரண்டாம் வாரம் கறுத்த தோல் செதில் செதிலாக உரிந்தது. நாலாம் வாரம் கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. அடுப்புக்கரியில் பெருவிரலைத் தொட்டுச் சுவரில் வைத்துப் பார்ப்பாள். முதலில் வெறும் கறுப்புப் பொட்டு. பிறகு பொட்டில் ஒரு கீற்று. பிறகு வளைந்து வளைந்து, கிணற்றில் கல் போட்டதுபோல, வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் வந்தன. இருபத்தேழு வயதில் தன் விரலுக்கு ரேகை முளைப்பதைப் பார்த்து அவள் சுவரிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஊரே சபைக்குப் போயிற்று. தூரத்தில் ஓலை பிடித்த பிள்ளைகளின் பாட்டு கேட்டது, ஆண் குரலும் பிள்ளைக் குரலும்தான், தாய்மார் வாயசைத்தார்கள். ஜெபலின் போகவில்லை. இன்றைக்கு விரல் தயார். பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது என்று சீயக்காய் போட்டுக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறைத்து வைத்தாள், விரலைத் தேய்த்தாள், முந்தானையில் துடைத்தாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"தித்தி."

பிள்ளை! பிள்ளை பேசுகிறது! ஜெபலின் வாளியைத் தட்டிவிட்டு ஓடினாள். "தித்தி, தித்தி" என்று பிள்ளை தன் பெயரைத் தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா என்ற சொல்லாக இல்லாவிட்டால் என்ன, நான் கொடுத்த சொல்லல்லவா முதல் சொல் என்று நினைத்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். பிள்ளைக்கும் வாய் உண்டு என்பதை அவள் நாற்பது நாளும் மறந்திருந்தாள்.

உத்திரத்தில் போன் வெளிச்சம் போட்டிருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை இன்னொரு தரம் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகப் பொறுத்திருந்தது. பிறகு ஜெபலின் குரலில், அயனிமரத்தடியில் அவள் கூப்பிடுகிற அதே கொஞ்சலில், "தித்தி!" என்றது.

பிள்ளை ரெண்டு கையையும் மேலே தூக்கிற்று.

ஜெபலின் பாய்ந்து முக்காலியில் ஏறிக் கயிற்றை அறுத்தாள். போன் கையில் சூடாக இருந்தது. "எட்டி ஜெபா, வேண்டாம், பிள்ள ஏங்கிரும்" என்று அவள் கையில் இருந்துகொண்டே அவள் குரலில் சொல்லிற்று. அவள் பெருவிரலை வைத்தாள். ஒரு நொடி. திறந்துவிட்டது. வில்ஃபிரட் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு இடமாக அமுக்கினாள், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது, அழி என்று அமுக்கினாள். தாராட்டின் முதல் வரியைப் பாதி பாடிவிட்டு அது கறுத்தது.

வீடு நிசப்தமாயிற்று. அவள் தொண்டையைச் செருமினாள். திரும்பி வந்திருக்கும், எல்லாம் வந்திருக்கும், முதலில் எதைச் சொல்லலாம் என்று ஒரு நிமிசம் திணறினாள். பிறகு தொட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு, வாயைத் திறந்து, மகளைக் கூப்பிட்டாள்.

மூச்சுதான் வந்தது. தித்தியும் வரவில்லை, அம்மையும் வரவில்லை. வில்ஃபிரட் பாதி தெரிந்து முழுசாகச் சொல்லியிருந்தான்.

பிள்ளை தொட்டில் சேலையைப் பிடித்து எழுந்து நின்றது. கயிறு மட்டும் ஆடுகிற உத்திரத்தைப் பார்த்தது. ஜெபலின் கையில் இருந்த கறுத்த கண்ணாடியைப் பார்த்தது. பிறகு அவள் முகத்தை, விளையாட்டில் எத்தனையோ தரம் முந்தானைக்குப் பின்னால் கண்டுபிடித்த அந்த முகத்தை, நன்றாகப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி, அது முதல்முதலாக, தெளிவாக, சொல்லிற்று.

"அம்மா?"

ஜெபலின் தலையை ஆட்டினாள். நான்தான், நான்தான் என்று நெஞ்சில் அடித்துக் காட்டினாள்.

பிள்ளை அவளைத் தாண்டி எட்டிக் கதவைப் பார்த்தது, அடுக்களையைப் பார்த்தது, மறுபடியும் உத்திரத்தைப் பார்த்தது. பிறகு மரத்தடியில் கற்றுக்கொடுத்தபடி ரெண்டு குட்டிக் கையையும் விரித்து, அவளிடமே கேட்டது. "அம்மா? அம்மா?"

அந்த விளையாட்டில் ஒருத்தர் கையை விரித்தால் மற்றவரும் விரிக்க வேண்டும். ஜெபலின் போனைத் தரையில் வைத்தாள். புது ரேகை முளைத்த தன் இரண்டு கையையும் மகளுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.